மழைப் படமும் வத்தல் விலையும்

ஜனவரி 7, புதன்

உரக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி. வழக்கமாக லாரி வந்தது, லாரி போனது மட்டும்தான் இதில் ஏறும். இந்த வருஷம் வேறு விஷயமும் எழுத வேண்டியிருக்கிறது. நான் பிளாக் ஆரம்பித்திருக்கிறேன்.

யோசனை மகள் ஜெயரூபாவுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து போன் பண்ணுவாள். அந்த வாரம் பார்த்த படத்தின் கதையை நான் சொல்வேன். போன வாரம், "அப்பா, நீங்க இடைவேளைக்கு வர்றதுக்குள்ள இங்க சோறு குழைஞ்சு போகுது. எழுதிப் போடுங்க, மெதுவா படிச்சுக்கிறேன்" என்றாள். பெற்ற மகளே கேட்கச் சலிக்கிற கதையை ஊரான் படிப்பானா என்று கேட்டேன். "உலகத்துல வேலை இல்லாதவங்க நிறைய இருக்காங்கப்பா" என்றாள்.

'சும்மா பார்த்தவை' என்று பெயர் வைத்திருக்கிறேன். பிடித்த படங்கள், இன்டர்நெட்டில் கண்ணில் பட்ட வேடிக்கைகள். வியாபாரம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

படம் பார்ப்பதை நான் பஜாரில் சொல்லிக்கொண்டதில்லை. மத்தியானம் கடை உள்ளறையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தால், குண்டூர் மிளகாய் நிலவரம் பார்க்கிறார் என்று கடையில் நினைத்துக்கொள்வார்கள். நானும் அதற்குத் தக்க நெற்றியைச் சுருக்கி வைத்துக்கொள்வேன். சாக்குத் தைக்க வந்து, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்தவன் நான். இப்படிப்பட்டவன் துருக்கிப் படம் பார்த்து மூக்கைச் சிந்துகிறான் என்று தெரிந்தால் கடன் வாங்கியவன் ஒருவனும் திருப்பித் தரமாட்டான்.

முன்பு பேசுவதற்கு ஓர் ஆள் இருந்தார். நாலு கடை தள்ளி, கரிக்கோல்ராஜ். அவரும் வத்தல்தான். வெள்ளிக்கிழமை தோறும் சேர்ந்து படத்துக்குப் போவோம். பிறகு எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து, கல்லை அணைக்கிற வரை அந்தப் படத்தைக் கிழித்துக் காயப்போடுவோம். வியாபாரிகள் சங்கத் தலைவர் தேர்தலில் அவரும் நின்றார், நானும் நின்றேன். ஓட்டு இரண்டாகப் பிரிந்து, கற்பூரம் விற்கிற சுயம்பு ஜெயித்தார். அன்றோடு பேச்சு நின்றது. விட்டது அவரா நானா என்று கேட்டால், இரண்டு கடையிலும் இரண்டு பதில் கிடைக்கும்.

பிளாக்குக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆரம்பித்த காரணம் கேட்பார்களே என்று எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

முதல் பதிவு போட்டாயிற்று. ஜப்பான் படம் ஒன்று. ஒரு தீவு, ஒரு படகுக்காரன். படம் முழுக்க மழை. ஏறுவதற்கு ஆள் இல்லாவிட்டாலும் தினமும் படகைத் துடைத்துவிட்டுக் காத்திருக்கிறான். கடைசியில் கரையில் கட்டியிருந்த கயிற்றைத் தானே அவிழ்த்து, படகைக் கடலோடு அனுப்பிவிட்டு நிற்கிறான். அவ்வளவுதான் கதை. இதை எழுத எனக்கு நாலு நாள் ஆனது.

முடிவில் இப்படி எழுதினேன்: 'பார்த்து முடித்ததும், என் சரக்கு நனைந்துவிட்டதோ என்று எழுந்துபோய் குடோனைப் பார்த்துவிட்டு வந்தேன். அத்தனை மழை.' அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

ஜனவரி 13, செவ்வாய்

எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் படித்தார்கள் என்று பிளாக்கே காட்டுகிறது. மொத்தம் மூன்று பேர். பெங்களூர் இரண்டு, மகளும் மருமகனும். விருதுநகர் ஒன்று, இந்த ஊரிலேயே யாரோ.

வீட்டில் மனைவி ரத்தினக்கனி படிக்கவில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டாள். சங்கரமூர்த்தி, என் கணக்கப்பிள்ளை, அவரிடமும் கேட்டேன். "படிக்கணுமா மொதலாளி?" என்றார். வேண்டாம் என்றேன்.

யாராக இருந்தால் என்ன.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கலுக்குக் கடை மூன்று நாள் விடுமுறை. இரண்டாவது பதிவு. ஆக்டோபஸ் ஒன்றைக் கண்ணாடி ஜாடிக்குள் போட்டு மூடியைத் திருகிவிடுகிறார்கள். அது உள்ளேயிருந்தே மூடியைத் திறந்து, அவசரமே இல்லாமல் வெளியே நடந்து போகிறது. பதினோரு தடவை பார்த்தேன். 'அடைத்து வைத்தவன் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். உள்ளே ஒன்றும் இல்லை' என்று எழுதினேன்.

விருதுநகர் ஒன்று, மறுபடியும். நான் போட்ட கால் மணி நேரத்தில்.

ஜனவரி 22, வியாழன்

நானூறைத் தாண்டிவிட்டது! விருதுநகர், ராமநாதபுரம், தேனி, சாத்தூர், குண்டூர். குண்டூரில்கூடத் தமிழ் படித்து ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஜனங்களுக்கு ரசனை இல்லை என்று பத்திரிகையில் எழுதுகிறவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டும்.

ரத்தினக்கனியிடம் காட்டினேன். "உங்க மூஞ்சிக்கு நானூறு பேரா? நல்லாப் பாருங்க, கரன்ட் பில்லா இருக்கப்போகுது" என்றாள்.

ஜனவரி 24, சனி

பஜாரில் மரியாதை கூடியிருக்கிறது. டீக்கடையில் எழுந்து இடம் விடுகிறார்கள். மல்லிக் கடைக்காரர் ஒருவர் வலிய வந்து, "அண்ணாச்சி, அந்த ஆக்டோபஸ்… அருமை. சரியான நேரத்துல சொன்னீக" என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எழுத்துக்கு இவ்வளவு சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வத்தல் விலை காரணமில்லாமல் ஏறுகிறது. வரத்து நன்றாகத்தான் இருக்கிறது. விசாரிக்க வேண்டும்.

ஜனவரி 27, செவ்வாய்

விசாரித்தாயிற்று. காரணம் நான்தான்.

சங்கத் தலைவர் சுயம்பு கடைக்கு வந்தார். உட்காரவில்லை. குரலை இறக்கி, "அண்ணாச்சி, உங்ககிட்ட நேரா கேட்டுர்றேன். அந்த மழை எந்தப் பக்கம்?" என்றார்.

"எந்த மழை?"

"நீங்க எழுதுன மழை. சரக்கு நனைஞ்சதுன்னு போட்டிருந்தீகள்ல. குண்டூர்ப் பக்கமா, நம்ம முதுகுளத்தூர்ப் பக்கமா?"

"யோவ், அது படம்யா. ஜப்பான்ல."

சுயம்பு என்னையே பார்த்தார். மெல்லச் சிரித்தார். "ஜப்பான்… புரியுது அண்ணாச்சி. போதும். இதுக்கு மேல கேக்கல" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

சங்கரமூர்த்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். படகுக்காரன் காத்திருக்கிறான் என்றால் கப்பல் சரக்கு தாமதம். ஆக்டோபஸ் வெளியே போனது என்றால், அடைத்துவைத்த ஏ.சி. குடோன்களில் சரக்கு காலி. உள்ளே ஒன்றும் இல்லை என்று நானே எழுதியிருக்கிறேனாம்.

"நீரும் அப்பிடித்தான் நினைச்சீரா?"

"எங்க சின்ன மச்சான் நாப்பது மூட்டை வாங்கிப் போட்டிருக்கான் மொதலாளி" என்றார்.

ஜனவரி 28, புதன்

மத்தியானத்துக்குள் ஜப்பானிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருப்பதாகப் பஜார் முழுக்கப் பேச்சு.

ஜனவரி 29, வியாழன்

பதிவு போட்டேன். 'நான் எழுதுவது படங்களைப் பற்றி மட்டுமே. இதில் வியாபாரச் செய்தி எதுவும் இல்லை. நம்பி யாரும் வாங்க வேண்டாம்.' இதைவிடத் தெளிவாகத் தமிழில் எழுத முடியாது.

விலை ஏறியது. "அண்ணாச்சியே வாங்க வேண்டாம்னு சொல்றாருன்னா அவரு இன்னும் வாங்கி முடிக்கலை" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம்.

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் தெருவில் பெரிய சரக்கு என்றால் இன்றும் துண்டைப் போட்டுத்தான் விலை பேசுவோம். இரண்டு பேர் கையும் துண்டுக்குள் இருக்கும். விரலைப் பிடித்தால் விலை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் எங்கள் முகத்தைப் பார்த்து ஊகிப்பான் என்பதற்காக, வாங்கத் துடிக்கும்போது கொட்டாவி விடுவோம், சரக்கு கைவிட்டுப் போகும்போது சிரிப்போம். இதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர். அந்தப் பெயரை வைத்துத்தான் இந்த வீடு கட்டினேன். இப்போது உண்மையைச் சொன்னால், அதுவும் கொட்டாவி என்கிறார்கள்.

ஜெயரூபாவிடம் போனில் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. "அப்பா, நான் சும்மா எழுதுறேன்னு போட்டுருங்களேன்" என்றாள்.

"பேரே அதானம்மா" என்றேன்.

ஜனவரி 31, சனி

என் குடோனிலிருந்து பாதிச் சரக்கை விற்றேன். நான் எழுதியதால் ஏறிய விலை என்பது தெரியும். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டு எழுதிய பிறகும் வாங்குகிறவனை நான் என்ன செய்ய முடியும்? வியாபாரி விற்காமல் என்ன செய்வான்?

ரத்தினக்கனி மட்டும் சோறு போடும்போது, "நீங்க படம் பாத்தா ஊருல நாலு பேரு அழுவான்னு தெரியாமப் போச்சு" என்றாள். ரசத்தில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

நான் விற்ற சரக்கு அத்தனையும் போய்ச் சேர்ந்த இடம் கரிக்கோல்ராஜ் குடோன். தரகரை வைத்து, பேர் வெளியே வராமல் வாங்கியிருக்கிறார். பஜாரில் வேறு எங்கே வத்தல் கிடைத்தாலும் அவர்தான் வாங்குகிறாராம்.

விருதுநகர் ஒன்று என்பது அவர்தான் என்று நினைத்திருந்தேன். நினைத்தேன் என்றுகூட இல்லை. ஒரு பேச்சுக்கு. அந்த ஆளாவது படத்தைப் படமாகப் படிக்கிறார் என்று. கடைசியில் அவரும் சுயம்பு மாதிரி, மழை எந்தப் பக்கம் என்று பார்த்திருக்கிறார்.

இந்த வாரம் பதிவு கிடையாது.

பிப்ரவரி 3, செவ்வாய்

எழுதாததற்கும் அர்த்தம் கண்டுபிடித்துவிட்டார்கள். அண்ணாச்சி வாயை மூடிவிட்டார் என்றால் பெரிதாக ஏதோ இருக்கிறது. விலை ஏறியது.

பிப்ரவரி 5, வியாழன்

விலையை இறக்கிக் காட்டுகிறேன் என்று வெயில் படம் ஒன்றைப் பற்றி எழுதினேன். மொராக்கோ பாலைவனம். ஒட்டகம் வைத்திருக்கிற பெண் ஒருத்தி. மருந்துக்குக்கூட மழை கிடையாது. 'களத்தில் காயப்போட்டால் அரை நாளில் காய்ந்துவிடும், அப்படி ஒரு வெயில்' என்று எழுதினேன். மழை பயம் போய் விலை இறங்கும் என்று கணக்கு.

வறட்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்றைக்குத்தான் முழு விவரமும் தெரிந்தது. சங்கரமூர்த்தி கொண்டுவந்த செய்தி.

"மொதலாளி, கரிக்கோல் அண்ணாச்சி மழைய நம்பி வாங்கலையாம். அவரு மார்கழியிலயே ஒரு மசாலாக் கம்பெனிக்கு விலை எழுதிக் குடுத்துட்டாராம். மாசிக்குள்ள அந்த விலைக்கே சரக்கு குடுக்கணும். இப்ப ஏறின விலைக்கு வாங்கி, பழைய விலைக்குக் குடுத்துக்கிட்டு இருக்காரு. வீட்டுப் பத்திரத்த பாங்க்ல வைக்கப்போறாருன்னு பேச்சு."

"அந்த மழை படத்துல வந்ததுன்னு அவருக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியுமாம். 'அது ஜப்பான் படம்டா கிறுக்கனுகளா, நான் பாத்திருக்கேன்'னு மொத நாளே டீக்கடையில கத்தியிருக்காரு. யாரு நம்புவா? நீங்க ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லிட்டானுக."

இந்தப் பஜாரில் என் எழுத்தைப் படமாகப் படித்தது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் வீட்டுக்குத்தான் உலை.

"அவரு என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

சங்கரமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க போவீகளா மொதலாளி?" என்றார். கணக்கப்பிள்ளைக்கு வரவர வாய் நீளுகிறது.

பிப்ரவரி 10, செவ்வாய்

குடோனில் மீதிச் சரக்கைப் பார்த்தேன். வைத்திருந்தால் நிறம் மங்கும். யாருக்காவது தள்ளத்தான் வேண்டும்.

பிப்ரவரி 11, புதன்

சங்கரமூர்த்தியை அனுப்பி, சரக்கு வேண்டுமா என்று கேட்கச் சொன்னேன். பழைய விலைக்கே தருகிறேன் என்றும் சொல்லச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"உங்க மொதலாளி பழைய விலைக்குத் தர்றாருன்னா நாளைக்கு விலை அதுக்கும் கீழ போகும்னு அர்த்தம், போய்ச் சொல்லுன்னாரு."

அவரும் வியாபாரிதானே.

பிப்ரவரி 12, வியாழன்

நானே போனேன்.

நாலு கடைதான். நான் செருப்பை மாட்டிக் கிளம்பியதுமே தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அவர் கடை வாசலில் ஏறுவதற்குள் பின்னால் ஒரு கூட்டம். சுயம்பு எங்கிருந்து முளைத்தார் என்று தெரியவில்லை.

கரிக்கோல்ராஜ் இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. என்னைப் பார்த்து, "யாரு, எழுத்தாளரா? வாங்க" என்றார்.

"படிக்கிறவரு நீங்கதானா?"

"எனக்கு ஏது நேரம். கடையில தலைக்கு மேல வேலை."

எதிரே உட்கார்ந்தேன். இத்தனை பேருக்கு முன்னால் வாயால் விலை சொன்னால் அடுத்த நிமிஷம் பஜார் தலைகீழாகும். தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் நடுவில் விரித்தேன். அவர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கையைக் கொடுத்தார். கை சில்லென்று இருந்தது.

மார்கழி விலையைப் பிடித்தேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து, ஒரு விரலை நீட்டி விலையை ஏற்றினார். நான் அதை மடக்கினேன். மறுபடி நீட்டினார். மறுபடி மடக்கினேன். விற்கிறவன் இறக்க, வாங்குகிறவன் ஏற்ற, இப்படி ஒரு பேரம் எங்கள் தெருவில் நடந்திருக்காது. வெளியே தெரியக்கூடாதே. நான் ஒரு கொட்டாவி விட்டேன்.

"அந்தப் படகுக்காரன் கயித்த அவுத்து விட்டான்னு எழுதிருக்கீக" என்றார் திடீரென்று.

"ஆமா. அவுத்துத்தான விட்டான்."

"அவுக்கல. அறுந்துச்சு." விரலை நீட்டினார்.

"நான் ரெண்டு தடவை பாத்தேன்யா. அவன் கை கயித்து மேல இருக்கு." மடக்கினேன்.

"கை இருக்கு. அவுக்குறதுக்கு இல்ல, பிடிக்கிறதுக்கு. நைஞ்ச கயிறு. அறுந்து போகுதேன்னு பிடிக்கப் பாத்தான். நீரு வழக்கம்போலக் கடைசி ரீல்ல கண்ண மூடியிருப்பீரு."

"நான் எப்பய்யா கண்ண மூடுனேன்?"

"எப்பதான் மூடல? தியேட்டர்ல உம்ம குறட்டைக்கு முன் சீட்டுக்காரன் திரும்பிப் பாப்பான். நான்தான் உமக்குப் பரோட்டாக் கடையில முடிவு சொல்லுவேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்தினார்கள். சுயம்பு உதட்டை அசைத்து ஏதோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

துண்டுக்குள் எல்லா விரலையும் மடக்கிவிட்டேன், சுண்டுவிரலைத் தவிர. அதை மட்டும் அவர் விடவில்லை. நானும் வலுவாகத்தான் அழுத்தினேன். சரி, அந்த ஒரு விரல் அவருடையதாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"லாரி அனுப்புங்க" என்றேன்.

"சாயங்காலம் வரும்" என்றார். படி இறங்கும்போது பின்னாலிருந்து, "கண்ண மூடாம இன்னொரு தடவை பாரும்" என்றார்.

இதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. சரக்கு நிறம் மங்க இருந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

எண்ணெய்ப் பரோட்டா. இரண்டு செட்டு. வயிறு சரியில்லை. மற்றபடி சௌக்கியம்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மசாலாக் கம்பெனிக்குக் கடைசி லோடு போய்விட்டதாம். பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை. வத்தல் விலையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏன் இறங்குகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. சங்கரமூர்த்தியின் சின்ன மச்சான் நாற்பது மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறானாம்.

இப்போது பஜார் ஓடுவது சணலுக்கு. கயிறு நைந்துவிட்டது, கயிறு அறுந்துவிட்டது என்று இரண்டு பெரிய அண்ணாச்சிமார் துண்டு போட்டுப் பேசியதைச் சங்கத் தலைவரே காதால் கேட்டிருக்கிறார். சாக்கும் கயிறும் கிடைப்பதில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

படத்தை மறுபடி பார்த்தேன். காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து, கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கயிறு அறுந்துதான் போகிறது. அவன் பிடிக்கத்தான் பார்க்கிறான். தெளிவாக இருக்கிறது. எப்படி விட்டேன் என்று தெரியவில்லை.

பிளாக்கில் முதல் பதிவுக்கு அடியில் யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பெயர் போடவில்லை. ஊர் விருதுநகர். 'முடிவு தவறு. ஆசிரியர் தூங்கிவிட்டார்.'

சங்கரமூர்த்தி எட்டிப் பார்த்து, "தப்புன்னு தெரிஞ்சா திருத்திர வேண்டியதுதான மொதலாளி?" என்றார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை, பரோட்டாக் கடையில் சண்டை போட விஷயம் வேண்டும். திருத்துவதாக இல்லை.

"திருத்துனா சணல் விலை இறங்கிரும்யா" என்றேன்.

இத்தனை நாளில் நான் சொன்ன ஒன்றையும் நம்பாத மனிதர், இதை மட்டும் உடனே நம்பிவிட்டார்.